எல்லா மீனுக்கும் நெத்திலி விலையே வருவது ஏன்?

கடலூர் துறைமுக மீன் விலைக்காக பைத்தானில் ஃபார் லூப் போட்டு, ஒவ்வொரு மீன் பெயருக்கும் செட்ஆட்டர் (ஒரு பெயரில் எதையாவது சேர்த்துவைக்கும் கட்டளை) மூலம் கிளாஸில் ஒரு லாம்ப்டாவை, அதாவது பெயரில்லாத குட்டி ஃபங்ஷனைச் சேர்த்திருக்கிறீர்கள். வஞ்சிரத்தைக் கேட்டாலும் சங்கராவைக் கேட்டாலும் கடைசியாக உள்ள நெத்திலி விலையே வருகிறது, அதுதானே?

செட்ஆட்டர் மேல் தப்பில்லை நண்பரே. லாம்ப்டா உருவாகும்போது 'மீன்' என்ற லூப் மாறியின் மதிப்பைப் பிடித்து வைப்பதில்லை, கூப்பிடும்போதுதான் போய்ப் பார்க்கும், அதற்குள் லூப் முடிந்து மாறியில் நெத்திலி மட்டும்தான் நிற்கும். லாம்ப்டாவின் முதல் உள்ளீடான செல்ஃபுக்கு அடுத்து மீன்=மீன் என்று டிஃபால்ட் (முன்கூட்டியே வைக்கும் மதிப்பு) கொடுத்தால், அப்போதைய மீன் பெயர் அங்கேயே பதிந்து சரியாகிவிடும். ஆனால் நானாக இருந்தால் லாம்ப்டாவைத் திருப்பித் தரும் தனி ஃபங்ஷன் எழுதுவேன். டிஃபால்ட் வழியில் யாராவது கூப்பிடும்போது கூடுதலாக ஓர் ஆர்கியுமென்ட் (உள்ளீடு), அதாவது இன்னொரு மீன் பெயரைக் கொடுத்துவிட்டால் சத்தமில்லாமல் வேறு மீனின் விலை வரும், ஏலத்தில் அது சின்ன விஷயமில்லை. அப்புறம், ஜாவாஸ்கிரிப்டில் லூப் மாறியை வார் என்று அறிவித்தாலும் இதே கதைதான், லெட் என்று அறிவித்தால் சுற்றுக்கு ஒரு புது மாறி கிடைக்கும்.