பெயருக்கு முன்னால் ஒரு நிகழ்ச்சி

வணக்கம் சார்,

டிவி காமெடி நடிகர் ஒருவரின் பேட்டி பார்த்தேன். துக்க வீட்டுக்குப் போனாலும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், கையில் வேலை இல்லை என்றால் யாரும் நம்புவதில்லை என்று ஒரே புலம்பல். ஊருக்கே தெரிந்த முகம், அதற்குமேல் என்ன வேண்டும்? எனக்கு இது நன்றிகெட்டத்தனமாகப் படுகிறது. என் தம்பியும் மிமிக்ரி செய்கிறான், டிவிக்குப் போகிறேன் என்கிறான். விடலாமா? காமெடியன்கள் எல்லாரும் உள்ளுக்குள் சோகமானவர்கள் என்பது உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியைத் தூக்கிப் போடுங்கள். சோகம் பேங்க் கிளார்க்குக்கும் உண்டு. தம்பி விஷயத்தில், அவன் உங்களிடம் அனுமதி கேட்டதாகக் கடிதத்தில் இல்லையே.

நன்றிகெட்டத்தனம் என்கிறீர்கள் பாருங்கள், அதைத்தான் விட முடியவில்லை. யாருக்கு அவர் நன்றி சொல்ல வேண்டும்?

கொஞ்ச நாளாகவே நம் நகைச்சுவை நடிகர்களின் பெயர்கள் மனதில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக வந்தவர் தேங்காய் சீனிவாசன் ஆனார். 1965இல் 'வெண்ணிற ஆடை'யில் அறிமுகமான மூர்த்தி கடைசிவரை வெண்ணிற ஆடை மூர்த்திதான். அதே படத்தில் நடித்த ஜெயலலிதாவுக்கு அந்த ஒட்டு ஒட்டவில்லை, கவனித்தீர்களா? டிவி வந்த பிறகும் இதே கதை. 'லொள்ளு சபா'வில் இருந்து வந்த சந்தானம் வெறும் சந்தானம். மனோகரும் சாமிநாதனும் இன்றைக்கும் லொள்ளு சபா மனோகர், லொள்ளு சபா சாமிநாதன். 2024 மார்ச்சில் சேஷு இறந்தபோது, நிகழ்ச்சி நின்று எத்தனையோ வருஷம் ஆகியிருந்தும், செய்தியில் லொள்ளு சபா சேஷு என்றுதான் போட்டார்கள். உடம்பெல்லாம் உலோகச் சாயம் பூசி மேடையில் ரோபோ மாதிரி ஆடிய சங்கருக்கு அந்த ரோபோவே பெயரானது. 2020இல் போய்விட்ட வடிவேல் பாலாஜிக்கோ முன்னொட்டே இன்னொரு நடிகரின் பெயர். (யோகி பாபு பெரிய நடிகரான பிறகும் அறிமுகப் படமான 'யோகி'யை விடவில்லையே என்பீர்கள். சரி, அவர் விதிவிலக்கு.)

அந்த ஒட்டில் பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. அத்தை மாமாவுக்கு ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்கிற குடும்பம்தானே நாம். ஆனால் அந்த நிகழ்ச்சி அவருடையது இல்லை, சேனலுடையது. எபிசோடுக்கு இவ்வளவு என்று வாங்கியதோடு அவர் கணக்கு முடிந்தது.

ஒருமுறை எழும்பூர் ஸ்டேஷனில் அப்படி ஒரு நடிகரைப் பார்த்தேன். பையன்கள் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவரும் டக்கென்று திரும்பினார். ஒரு வசனம் கேட்டார்கள், சொன்னார். சரியாக வரவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னார்கள், செல்போனில் எடுக்க வேண்டுமாம். அதையும் செய்தார். ரயில் வரும்வரை இதுதான். அதில் ஒருவன்கூட 'இப்போது என்ன செய்கிறீர்கள்' என்று கேட்கவில்லை. ஏன், நானும்தான் கேட்கவில்லை.

இப்போது சிரிப்புக்கென்றே தனி சேனல்கள், ஆதித்யா, சிரிப்பொலி என்று. பழைய காட்சிகள் ராத்திரி பகலாக ஓடுகின்றன. நடுவில் விளம்பரம் வருகிறது, விளம்பரத்துக்குக் காசு வருகிறது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது 38ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். படத்தில் நடிக்க எழுத்தில் சம்மதித்த கலைஞர் பிறகு தயாரிப்பாளரைத் தடுக்க முடியாது, ஆனாலும் அந்த நடிப்பை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் ராயல்டி பெற அவருக்கு உரிமை உண்டு என்கிறது அது. கெஞ்சிக் கேட்கிற சலுகை இல்லை எஸ்., சட்டம். நீங்கள் சிரித்த காட்சி எத்தனையாவது தடவையாக ஓடியது, அதற்காக அவர் கைக்கு ஏதாவது வந்ததா என்று என்றைக்காவது தோன்றியிருக்கிறதா? அவருக்கு வேலை இல்லை என்றால் உங்களுக்கு நம்பிக்கை வராததற்குக் காரணமே அதுதான். தினமும் டிவியில் பார்க்கிறீர்களே!

அமெரிக்காவில் சினிமாப் படங்கள் டிவியில் ஓடினால் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று 1960இலேயே நடிகர்கள் வேலையை நிறுத்தினார்கள். அப்போது அவர்கள் சங்கத் தலைவர் ரொனால்ட் ரீகன், பின்னாளில் ஜனாதிபதியான அதே ரீகன். நீங்கள் பார்த்த பேட்டியில் அந்த மனிதர் பங்கு எதுவும் கேட்கவில்லை, துக்க வீட்டில் சிரிக்காதீர்கள் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார். அதற்கே இந்தப் பட்டம் கொடுத்த நீங்கள், அவர் காசு கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பீர்களோ!