உண்ணிக் காய்ச்சலுக்கு அறுபதாயிரம் இல்லையே, என்ன செய்வது?

உண்ணிக் காய்ச்சல் வந்து தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) சரிந்துவிட்ட உங்கள் லாப்ரடார் நாயின் சிகிச்சைக்கு அறுபதாயிரம் ரூபாய் இல்லாததால், அதைக் கருணைக்கொலை செய்வதா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். நாளைக் காலையிலேயே சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கூட்டம் இருக்கும், ஆனால் கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. நாய்களுக்கான ரத்த வங்கியும் அங்கே உண்டு.

தட்டணு சரிந்ததற்கு உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற பாக்டீரியா காரணமாக இருக்கலாம். அப்படியானால் முக்கிய மருந்தான டாக்ஸிசைக்ளின் விலை அதிகமில்லை. வழக்கமாக 28 நாள் கொடுப்பார்கள். உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பேபீசியாவுக்கு மருந்து வேறு, அதனால் இரண்டுக்கும் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஈறு வெளுத்திருக்கிறதா, வயிற்றில் சிவப்புப் புள்ளிகள் உண்டா என்று இப்போதே பாருங்கள். இருந்தால் காலைவரை காத்திராமல் திறந்திருக்கும் கிளினிக்குக்கு ஓடுங்கள். பாராசிட்டமால், புரூஃபன் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

நோய் எலும்பு மஜ்ஜையைத் தாக்கியிருந்தால் தேறுவது கடினம். அதை மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள், அப்புறம் முடிவெடுங்கள்.