ஆப்பிரிக்க மக்கள் முகமூடி அணிந்து ஆடுவது பேயை விரட்டவா? அந்தச் சடங்குகளுக்கு என்னதான் பொருள்?

ஊருக்கு ஊர், இனத்துக்கு இனம் பொருள் மாறும். அதனால் நான் நேரில் பார்த்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

பெனின் நாட்டின் கோட்டனூவில் வேலை பார்த்தபோது, யொருபா இனத்து நண்பர் ஒருவர் கேத்து பக்கம் இருக்கும் தன் ஊருக்கு 'கெலெடே' என்னும் முகமூடி ஆட்டம் பார்க்கக் கூட்டிப் போனார். அறுவடை முடிந்த சமயம். சந்தைத் திடலில்தான் ஆட்டம். சந்தை பெண்களின் இடம், ஆட்டமும் அவர்களுக்காகத்தான்.

ஆடுகிறவர்கள் ஆண்கள். ஆனால் முகமூடியில் இருப்பது பெண் முகம்: பாதி மூடிய கண்கள், கன்னத்தில் கீறல் கோடுகள், துளியும் கோபமில்லாத அமைதி. அதற்கு மேலே ஒரு சிற்ப உலகமே இருக்கும். பாம்பு, பறவை, சந்தைக்காரி, ஏன், மோட்டார் சைக்கிள்கூட உண்டு. முகமூடியைத் தலைமேல் தொப்பி போலச் சாய்த்து வைத்து, தொங்கும் மெல்லிய துணி வழியே பார்க்கிறார்கள். இரண்டிரண்டு பேராக வந்து, காலில் கட்டிய இரும்புச் சலங்கை மேளத்தின் ஒவ்வொரு அடிக்கும் பதில் சொல்லும்படி ஆடினார்கள்.

உடுத்தியிருந்த துணிகள்தான் என்னை உலுக்கின. பெண்களின் தலைத்துணிகள், பிள்ளையை முதுகில் கட்டிச் சுமக்கும் துணிகள், எல்லாம் ஊர்ப் பெண்கள் இரவல் கொடுத்தவை. என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி ஆட்டக்காரரின் இடுப்பைக் காட்டி ஏதோ சொன்னார். "அது அவங்க துணியாம். அஞ்சு பிள்ளைங்களையும் அதுலதான் கட்டித் தூக்கினாங்களாம்" என்று நண்பர் சொன்னார். அந்தப் பாட்டியின் முகத்தில் இருந்த பெருமிதம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

மூத்த பெண்களிடம் ஒரு சக்தி உண்டு என்பது யொருபா நம்பிக்கை. 'அவோன் இயா வா', அதாவது 'எங்கள் தாய்மார்' என்று அவர்களைச் சொல்வார்கள். அவர்கள் மனம் குளிர்ந்தால் மழையும் மகப்பேறும். நொந்தால் வறட்சியும் நோயும். ஆதித்தாயான இயா ந்லாவையும் இந்தத் தாய்மாரையும் வணங்கி மனம் குளிர வைக்கும் ஆட்டம் இது. யாரையும் விரட்டுவதற்கானது அல்ல. முதல் நாள் இரவு 'எஃபே' முகமூடிக்காரர் வந்து, ஊரில் தப்பு செய்தவர்களைப் பாட்டிலேயே கிண்டலடித்துக் கண்டிப்பார். அவர்மேல் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. 2008-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் கெலெடே இடம்பெற்றது.

வேறு இடத்தில் கதை வேறு. சியரா லியோனில் மெண்டே இனத்தின் 'சாண்டே' என்னும் பெண்கள் சங்கத்தில் பெண்களே முகமூடி அணிகிறார்கள். பளபளக்கும் கருமை, நுணுக்கமான கொண்டை, கழுத்தில் வளையம் வளையமாக மடிப்புகள், சின்ன வாய். அத்தனை அழகு. ஆனால் சிறுமிகளைப் பெண்களாக்கும் அதே சங்கத்தின் சடங்கில் பிறப்புறுப்புச் சிதைப்பும் உண்டு. மரபு என்பதற்காக அதை என்னால் ஏற்க முடியாது.

ஒரே ஒரு வேண்டுகோள். அருங்காட்சியகப் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே இருப்பது மரம் மட்டும்தான். கெலெடே ஆட்டத்தின் காணொளி கிடைத்தால் பாருங்கள். முகத்தைப் பார்த்த பிறகு காலையும் மேளத்தையும் கவனியுங்கள். அந்தத் துணிகளையும்.