தோலும் சோறும்

அன்புள்ள ஐயா,

ஆழ்கடலில் பெருமீன் பிடிப்பதற்கான தூண்டில் கழிகளைக் கையாலேயே செய்யும் ஒரு பட்டறையின் காணொளியை அண்மையில் பார்த்தேன். அன்று முதல் அதே நினைவாக இருக்கிறது. கணினி வேலையை விட்டுவிட்டு இதைக் கற்றுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். நம் மண்ணுக்கும் இந்தத் தொழிலுக்கும் தொடர்பே இல்லை, அதுவும் கடல் இல்லாத மதுரைப் பக்கத்தில் இது வேண்டாத வேலை என்கிறார் என் அண்ணன். இயந்திரம் செய்வதில் இல்லாத ஓர் உயிர் கைவேலையில் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்தக் கழிகளின் விலை நியாயமானதுதானா என்றும் சொல்லுங்கள்.

கா., திருமங்கலம்

அன்புள்ள கா.,

விலை, வாங்குகிறவர் பாடு, விற்கிறவர் பாடு; நான் அதற்குள் வரவில்லை. கடல் இல்லை என்பதும் ஒரு பேச்சா? மீன்கொடி பறந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல உங்கள் அண்ணனுக்கு எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை. நம் மண்ணுக்குத் தொடர்பில்லை என்பதோ தவறான தகவல். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் மூங்கிலைப் பிளந்து ஒட்டித் தூண்டில் கழி செய்யத் தொடங்கியபோது அவர்கள் கைக்குக் கிடைத்தது கல்கத்தாத் துறைமுகம் வழியாகப் போன நம் நாட்டு மூங்கில்தான். அதன் பெயரே அங்கே ‘கல்கத்தா’ என்று ஆயிற்று. பிறகு தென்சீனத்துக் குவாங்டாங் பகுதியின் மூங்கில், வட வியட்நாமைக் குறிக்கும் டோங்கின் என்ற பொருந்தாத பெயரோடு வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1950இல் அமெரிக்கா சீனாவோடு வணிகத்தை நிறுத்தியபோது அதுவும் வராமல் போயிற்று. அதற்குள் கண்ணாடியிழைக் கழிகள் கடைக்கு வந்துவிட்டிருந்தன.

எனக்குக் கோபம் வந்தது, ‘கைவேலையில் உயிர் இருக்கிறது’ என்ற உங்கள் வரியில்தான். கையால் செய்த ஒரே காரணத்தால் ஒரு பொருள் உயர்ந்துவிடும் என்றால், என் 12 வயதில் நான் செய்த தூண்டில் கழியை அருங்காட்சியகத்தில் வைத்திருக்க வேண்டும்.

சோழவந்தானில் என் தாய்மாமன் வைகைக் கால்வாயில் தூண்டில் போடுகிறவர். மூன்று வயது முற்றிய கல்மூங்கிலைத் தேய்பிறையில் வெட்டி, உளுத்துப்போகாமல் இருக்கக் கண்மாய்த் தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, கோணல் உள்ள இடத்தை மட்டும் தணலில் வாட்டி முழங்காலில் வைத்து நிமிர்த்துவார். அப்படி அவர் எனக்கென்று ஒதுக்கிக் கொடுத்த கழியை நான் கூடுதல் அழகாக்க விரும்பி, ஒரு பகல் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து, கதிர் அரிவாளால் மேல் தோலைச் சீவி எடுத்துவிட்டேன். வெண்ணெய் நிறத்தில் வழவழவென்று இருந்தது. மறுநாள் ஒரு விரால் கடித்தது. பெரிய விரால்கூட இல்லை. தூக்கிய வேகத்தில் மூன்றாவது கணுவுக்கு மேலே கழி மடங்கி நார் நாராகப் பிரிந்து தொங்கியது. மாமா அடிக்கவில்லை. உடைந்த துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏண்டா, தோல உரிச்சுப்புட்டா அப்புறம் அதுல என்னடா இருக்கு? உள்ள கெடக்குறது பூராம் சோறு” என்றார்.

பிளந்த மூங்கில் கழி செய்கிறவர்களின் தொழில் முழுவதும் அந்த வசவுக்குள் அடங்கிவிடும் என்பது எனக்கு நாற்பது ஆண்டு கழித்துத்தான் விளங்கிற்று. அவர்கள் மூங்கிலைப் பட்டைகளாகப் பிளந்து, ஒவ்வொரு பட்டையையும் எஃகு அச்சின் பள்ளத்தில் கிடத்தி, 60 பாகைக் கோணமுள்ள முக்கோணமாக இழைப்புளியால் சீவுகிறார்கள். அப்படி 6 பட்டைகளைச் சேர்த்து ஒட்டினால் அறுகோணக் கழி கிடைக்கிறது. அடியிலிருந்து நுனிவரை கழி மெலிந்துகொண்டே போகும் அளவை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் பார்ப்பார்கள். ஆனால் இழைப்புளி ஓடுவதெல்லாம் உள்பக்கத்தில், சோற்றின் மேல்தான். வெளிப்பக்கத்தில் மினுமினுக்கும் மெல்லிய பூச்சைச் சுரண்டுவதோடும் கணுவின் மேட்டைத் தட்டையாக்குவதோடும் நிறுத்திக்கொள்வார்கள். அதற்குக் கீழே நெருக்கமாக ஓடும் நாரைத் தொடவே மாட்டார்கள், ஏனென்றால் கழியின் பலம் அங்கேதான் இருக்கிறது. ஒரு பட்டையின் கணு அடுத்த பட்டையின் கணுவுக்கு நேரே வராதபடி முன்னும் பின்னுமாகத் தள்ளி வைப்பதும் நான் உடைத்ததைப் போல உடையாமல் இருப்பதற்காகத்தான். நான் செய்ததும் கைவேலை, அவர்கள் செய்வதும் கைவேலை. என் கைக்கு எதைத் தொடக் கூடாது என்று தெரியவில்லை, தம்பி, அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் பார்த்த காணொளியில் இருந்தது கார்பன் இழையாகவோ கண்ணாடியிழையாகவோ இருந்திருக்கும். பிசின் ஊறிய இழைத்துணியைக் கூம்பிய எஃகுத் தண்டில் சுற்றி, மேலே நாடாவை இறுக்கிக் கட்டி, உலையில் வேகவைத்துத் தண்டை உருவிவிட்டால் வெறுங்கழி தயார். அதுவரை எந்திரம் செய்யட்டும். உங்களையும் என்னையும்விட அது நன்றாகவே செய்யும். ஆனால் துணியின் விளிம்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தால், பார்வைக்கு ஒன்றுபோல் உருண்டையாக இருக்கும் கழிக்கும் ஒரு முதுகு, அதாவது விறைப்பு கூடிய ஒரு பக்கம், அமைந்துவிடுகிறது. அடியைத் தரையில் ஊன்றி, நுனியை உள்ளங்கையில் தாங்கி, நடுவை அழுத்தி உருட்டினால், ஓரிடத்தில் கழி தானாகத் துள்ளித் திரும்பி நிற்கும். அந்தத் துள்ளல் கழிக்குக் கழி வேறு இடத்தில் வரும். கை தேவைப்படுவது அங்கேதான்: பொருள் ஒன்றைப்போல் ஒன்று இல்லாத இடத்தில். மற்ற இடங்களில் கைவேலை என்று பெருமை பேசுவது வீண் ஜம்பம்.

தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களை எங்கே கட்டுவது என்பதும் அப்படித்தான். கழியைச் சாய்த்துப் பூட்டி, நரம்பின் முனையில் எடையைத் தொங்கவிட்டு, வளைவு முழுவதும் நரம்பு கழியில் உரசாமல் அதன் போக்கிலேயே போகும்வரை வளையங்களை விரல் விரலாக நகர்த்திப் பார்க்க வேண்டும். 130 பவுண்டு இழுவை தாங்கும் நரம்புக்கான கழி என்றால் ரீலின் பிரேக்கை அந்த 130இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு, சுமார் 20 கிலோ இழுவைக்கு வைப்பார்கள். 1953இல் பெரு நாட்டின் கபோ பிளாங்கோ கடலில் ஆல்ஃபிரட் கிளாசெல் பிடித்த கறுப்பு மார்லினின் எடை 1,560 பவுண்டு, அதாவது 700 கிலோவுக்கு மேல். நம் இராமேசுவரத்தார் மயில்மீன் என்று சொல்வதன் பங்காளி அது. அந்த எடையை எந்தக் கழியும் தூக்குவதில்லை. வளைந்து கொடுத்து, விட்டுப் பிடித்து, மீனைக் களைக்க வைக்கிறது. அவ்வளவு நேரமும் நரம்பு தேய்ந்து சூடேறாமல் இருக்கத்தான் பெருமீன் கழிகளில் வெறும் வளையத்துக்குப் பதிலாகச் சுழலும் உருளை வைத்த வளையங்களைக் கட்டுகிறார்கள்.

வேலையை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். விடாதீர்கள். ஒரு நூற்கண்டும் ஒரு வளையமும் வாங்கி, வீட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு கம்பில் கட்டிப் பாருங்கள். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே கம்பு தெரியக் கூடாது. முடிச்சுப் போடக் கூடாது. கடைசி எட்டுப் பத்துச் சுற்றுக்கு முன்பே தனி நூலில் ஒரு கண்ணியை உள்ளே வைத்துச் சுற்றிவிட்டு, முனையை அதில் கோத்துச் சுற்றுகளுக்கு அடியில் இழுத்து மறைக்க வேண்டும். எபாக்சிப் பிசின் பூசுவதெல்லாம் அதற்குப் பிறகு. கட்டி முடித்ததும் எனக்குப் படம் அனுப்புங்கள். நூலின் முனை எங்கே இருக்கிறது என்று நான் தேடிப் பார்க்கிறேன்.