சூடானதும் ஸ்டார்ட் ஆகாத டீசல் பிக்கப்: பம்ப்பை மாற்றும் முன்

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மளிகைச் சரக்கு ஏற்றிப்போய், திரும்பும்போது கேரட் ஏற்றி வரும் பிக்கப் வைத்திருக்கிறேன். காமன் ரெயில் டீசல் எஞ்சின். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. மண்டியில் சரக்கை இறக்கிவிட்டு உடனே எடுத்தால் எவ்வளவு நேரம் செல்ஃப் அடித்தாலும் பிடிப்பதில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் பிடிக்கிறது. இப்போது பர்லியார் தாண்டி ஏறும்போது இழுவையும் குறைகிறது, எஞ்சின் விளக்கு எரிகிறது. ஹை பிரஷர் பம்ப் போய்விட்டது, இன்ஜெக்டர் நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பம்ப் பழுதாகியிருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்து மட்டும் அப்படித் தீர்ப்புச் சொல்ல முடியாது. சூட்டில் ஸ்டார்ட் ஆகாததற்கு ஒரு காரணமும் ஏற்றத்தில் இழுவை குறைவதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பம்ப் செய்யும் வேலை டீசலை ரெயிலுக்குள் தள்ளுவதுதான். ரெயில் என்பது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவாக, அழுத்தத்தில் டீசலைத் தேக்கிவைக்கும் குழாய்; அதிலிருந்து எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுபவை இன்ஜெக்டர்கள். தள்ளிய டீசல் கசியாமல் நின்றால்தான் அழுத்தம் ஏறும். ரெயில், அதிலுள்ள அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு, நான்கு இன்ஜெக்டர்கள் என எதில் கசிவு கூடினாலும், வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பம்ப் பலவீனமானது போலவே தோன்றும். பயணிகள் கார்களில் இந்தக் காமன் ரெயில் முறை முதலில் வந்தது 1997இல், ஆல்ஃபா ரோமியோ 156 காரில். அன்று உச்ச அழுத்தம் 1350 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). இன்று 2000 பாரைத் தாண்டும் எஞ்சின்கள் இருக்கின்றன. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறக்குறைய 2 பார்தான். இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் பாகங்களுக்கு இடையிலான இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. அது கொஞ்சம் தேய்ந்தாலும் கசிவு தொடங்கிவிடும்.

ஸ்டார்ட் செய்யும்போது பெரும்பாலான எஞ்சின்களில் ரெயில் அழுத்தம் ஏறத்தாழ 150 முதல் 250 பாரை எட்ட வேண்டும். எட்டாதவரை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. இன்ஜெக்டர்களைத் திறக்காது, நீங்கள் பேட்டரி தீரும்வரை செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்கலாம். குளிர்ந்த டீசல் சற்றுக் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த இடைவெளிகளிலும் மெதுவாகத்தான் கசியும். காலையில் அழுத்தம் ஏறிவிடுகிறது. சூடானதும் டீசல் நீர்த்துப்போய் அதே இடைவெளிகள் வழியே வேகமாக ஓடிவிடுகிறது. உங்கள் வண்டி மண்டியில் படுத்துக்கொள்வதற்கு இதுவே காரணம் என்பது என் முதல் சந்தேகம். அந்தக் கசிவு இன்ஜெக்டர்களில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

ஆனாலும் அதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. வண்டி சூட்டில் அடம்பிடிக்கும் நேரத்திலேயே, இ.சி.யு.வின் தகவல்களைத் திரையில் காட்டும் ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் சுழற்சி வேகத்தையும் ரெயில் அழுத்தத்தையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் சுற்றும்போதும் திரையில் வேகம் பூஜ்யமாகவே இருந்தால், எஞ்சின் சுற்றுவதை இ.சி.யு.வுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்தான் முதல் குற்றவாளி. சூடானதும் வேலைநிறுத்தம் செய்து, ஆறியதும் திரும்பிவருவது அந்தச் சென்சாரின் பழக்கம். வேகம் சரியாகக் காட்டி அழுத்தம் மட்டும் 80, 100 பாரில் நின்றுவிட்டால் டீசல் பக்கம் திரும்பலாம். செல்ஃப் மோட்டாரே மந்தமாகச் சுற்றினாலும் அழுத்தம் ஏறாது; பேட்டரியையும் எர்த் வயரையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ரிட்டர்ன் அளவு சோதனை. ரிட்டர்ன் என்பது எஞ்சினுக்குள் போகாமல் டேங்குக்கே திரும்பும் டீசல். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, அளவுக்கோடு போட்ட தனித்தனி குப்பிகளில் விட்டு, எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும். நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு டீசல் சேர வேண்டும். ஒன்றில் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு, மூன்று மடங்கு சேர்ந்தால் கோளாறு அந்த இன்ஜெக்டரில்தான். சோதனையைச் சூடான எஞ்சினில்தான் செய்ய வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் செய்தால் கோளாறு தெரியாமல் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். ரெயிலின் கட்டுப்பாட்டு வால்விலிருந்து வரும் ரிட்டர்ன் குழாயையும் மறக்கக் கூடாது. செல்ஃப் அடிக்கும்போது அதில் டீசல் தாராளமாக ஓடினால் வால்வு மூடவில்லை என்று பொருள். நான்கு இன்ஜெக்டரையும் மாற்றுங்கள் என்று சொன்னவர் இந்தச் சோதனையைச் செய்தாரா என்று கேளுங்கள். செய்யாமல் சொன்னால் அந்தத் தொகையை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.

ஏற்றத்தில் இழுவை குறைவதை டேங்க் பக்கத்திலிருந்து பார்த்து வாருங்கள். முழுச் சுமையில் எஞ்சினுக்கு நிறைய டீசல் வேண்டும். ஃபில்டர் அடைத்திருந்தாலும், டேங்கிலிருந்து வரும் குழாய் காற்றை இழுத்தாலும் சமதளத்தில் சமாளித்துவிடும், மலையில் தெரிந்துவிடும். பம்ப்புக்கு முன்னால் ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டினால் குமிழிகள் வருவது கண்ணுக்கே தெரியும். எஞ்சின் விளக்கு எரிவதற்கான கோளாறு எண்ணாக ஸ்கேனரில் பி 0087 (P0087) பதிவாகியிருந்தால் அது ரெயில் அழுத்தம் போதவில்லை என்று மட்டுமே சொல்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பம்ப்பைக் கழற்றுவது அவசரம்.

பம்ப்பின் நிலையை அறியப் பழைய டீசல் ஃபில்டரை வெட்டி, தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள். உலோகத் துகள் மினுங்கினால் பம்ப் உள்ளுக்குள் அரைபடுகிறது. டீசல்தான் அந்தப் பம்ப்புக்கு மசகு எண்ணெய். மண்ணெண்ணெய் கலந்ததோ தண்ணீர் இறங்கியதோ உள்ளே போனால், அல்லது டேங்கை வற்றவிட்டு ஓட்டினால், தேய்மானம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. துகள் கண்டால் பம்ப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. டேங்க், குழாய்கள், ரெயில் எல்லாவற்றையும் சுத்தம் செய்து இன்ஜெக்டர்களையும் சோதிக்க வேண்டும். இல்லையென்றால் அதே துகள் புதிய பாகங்களையும் கெடுக்கும். துகள் இல்லை, ரிட்டர்னும் சமமாக இருக்கிறது, அழுத்தம் மட்டும் ஏறவில்லை என்றால், டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் ரெயிலின் வாய்களை அடைப்பான் போட்டு மூடிவிட்டுப் பம்ப் தனியாக எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளப்பார்கள். அதிலும் தோற்றால் பம்ப்பை மாற்றலாம்.

ஒன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். பழைய டீசல் வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே நாசில் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது வழக்கம். காமன் ரெயில் வண்டியில் யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவும் கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போன்ற புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க நேரிடலாம். அப்படி நடந்தால் கட்டுப்போட்டுக்கொண்டு காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் டீசல் ஏறியது என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இன்ஜெக்டர் மாற்றுவதாக முடிவானால், அதன் தலையில் பொறித்திருக்கும் திருத்தக் குறியீட்டை ஸ்கேனர் வழியே இ.சி.யு.வில் பதியச் சொல்லுங்கள். பதியாவிட்டால் எஞ்சின் தடதடக்கலாம், புகையும் வரலாம். செம்பு வாஷர் புதிதாகவே போட வேண்டும். கழற்றிய பாகங்களையும், வெட்டிய ஃபில்டரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.