அம்மாவின் இடுப்புக்கு எந்த அறுவை சிகிச்சை?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. நேற்று குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகிவிட்டது. ஒரு மருத்துவர் பந்தை, அதாவது தொடை எலும்பின் உருண்டையான மேல்முனையை, மட்டும் மாற்றலாம் என்கிறார். இன்னொருவர் அது பொருந்தும் இடுப்புக் கிண்ணத்தையும் சேர்த்து முழு மூட்டையும் மாற்றச் சொல்கிறார். திருகாணி போட்டால் போதாதா என்று மாமா கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: திருகாணி வேண்டாம். பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்களில் பெரும்பாலானவை எலும்பின் கழுத்தை ஒட்டியே ஓடுகின்றன. எலும்பு விலகும்போது அவை அறுந்துபோகக்கூடும். பிறகு எவ்வளவு நேர்த்தியாகப் பொருத்தினாலும் பந்து உயிரிழந்து நொறுங்கலாம். மறுபடி அறுவை செய்ய நேரும். விலகாத முறிவாக இருந்திருந்தால் மாமா சொல்வதே சரி.

மற்ற இரண்டில் எது என்பதற்கு எக்ஸ்ரேயைவிட, விழுவதற்கு முந்தின நாள் அம்மா எப்படி நடந்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். கடைக்கும் கோயிலுக்கும் தனியாகப் போய்வந்தவர், நினைவு தெளிவாக உள்ளவர், இதயமும் நுரையீரலும் தாங்கும் என்றால் முழு மாற்று. பந்தை மட்டும் மாற்றினால் உலோகம் இடுப்புக் கிண்ணத்தின் குருத்தெலும்பில் உராய்ந்து, நிறைய நடப்பவருக்குச் சில ஆண்டுகளில் கவட்டையில் வலி வரலாம். வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடந்தவருக்கும் மறதி நோய் உள்ளவருக்கும் பந்து மட்டும் போதும். அறுவை சீக்கிரம் முடியும், ரத்த இழப்பும் குறைவு.

மூட்டு நழுவும் அபாயமும் அதில் குறைவு. 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், முழு மாற்று செய்துகொண்டவர்களில் 4.7 சதவீதத்தினருக்கும் பந்து மட்டும் மாற்றியவர்களில் 2.4 சதவீதத்தினருக்கும் மூட்டு நழுவியது அல்லது நிலையில்லாமல் ஆடியது. தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்தபடி, தரையில் விழுந்த மூக்குக்கண்ணாடியை எடுக்கக் குனிவார்கள். முழங்கால் இடுப்புக்கு மேலே போய் உள்பக்கம் திரும்பும். அந்த நொடியில் நழுவிவிடும். அம்மா வீடு திரும்பும் முன்பே உயரமான நாற்காலியும் மேற்கத்தியக் கழிப்பறையும் தயாராக இருக்கட்டும்.

செயற்கைப் பந்தைத் தாங்கித் தொடை எலும்புக்குள் இறங்கும் உலோகத் தண்டைச் சிமெண்ட் வைத்துப் பொருத்துவார்களா என்றும் கேளுங்கள். இந்த வயது எலும்புக்கு அதுவே பாதுகாப்பு.

ஆனால் இந்த யோசனையில் நாள்களைக் கழித்துவிடாதீர்கள். 48 மணி நேரத்துக்குள் அறுவை நடப்பது நல்லது. படுக்கையிலேயே கிடந்தால் சளி கட்டும், படுக்கைப்புண் வரும், காலில் ரத்தம் உறையும். அறுவை முடிந்த மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கச் சொல்வார்கள். அம்மா வலிக்கிறது என்பார். மருந்து கொடுக்கச் சொல்லுங்கள், படுக்க வைத்துவிடாதீர்கள்.