பழைய லாரி பிரேக்: மாஸ்டர் சிலிண்டர்ல ஏர் எடுக்குறது பத்தி கேள்வி பதில்

வியாசர்பாடியிலிருந்து: அண்ணே, அப்பா ஓட்டின பழைய ஃபார்கோ லாரி. மாஸ்டர் சிலிண்டருக்கு, அதான் பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுற சிலிண்டருக்கு, புது ரப்பர் வாஷர் கிட் போட்டேன். நாலு சக்கரத்துலயும் ரெண்டு தடவை ஏர் எடுத்தாச்சு, ஆயில்ல மாட்டின காத்தை வெளியேத்தியாச்சு. பெடல் இன்னும் பஞ்சு மாதிரி அமுங்குது.

தம்பி, சக்கரத்துல தேடாதே. ஏர் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளயே நிக்குது. காலி சிலிண்டரை அப்படியே சேஸிஸ்ல மாட்டினா இதுதான் நடக்கும். ஆயில் சுருங்காது, காத்து சுருங்கும். நீ மிதிக்கிற பலமெல்லாம் அந்தக் காத்தை அமுக்கவே போயிடுது.

சிலிண்டரைக் கழட்டி வைஸ்ல (பட்டறை இடுக்கி) மட்டமா மாட்டு. உடம்பை நெரிக்காதே, போல்ட் போடுற காதைப் பிடி. ஆயில் வெளிய போற ஓட்டையில ஒரு குழாய் மாட்டி, மறுமுனையை ரிசர்வாயர் (சிலிண்டருக்கு ஆயில் கொடுக்குற டப்பா) ஆயிலுக்குள்ள முக்கி வை. ரெண்டு அறை சிலிண்டர்னா ரெண்டு ஓட்டைக்கும் குழாய். மழுங்கின மரக்குச்சியால பிஸ்டனை மெதுவா தள்ளு, மெதுவா விடு. முதல்ல கொப்புளம் கொப்புளமா வரும், அப்புறம் பால் நுரை மாதிரி பொடிக் குமிழ் வரும். அதுவும் நின்னு, வெறும் ஆயில் தெளிவா வர்ற வரைக்கும் கையை எடுக்காதே.

கழட்ட வழியில்லைன்னா, சிலிண்டர்ல பைப் நட்டை அரைச் சுத்து தளர்த்து. ஒருத்தர் பெடலை அடி வரைக்கும் மெதுவா மிதிக்கட்டும். அவர் காலை எடுக்குறதுக்கு முன்னாடி நட்டை இறுக்கிடணும். பிந்தினா வெளிய போன காத்து திரும்ப உள்ள வரும்.

இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. எண்ணூர் விரைவுச் சாலையில, கன்டெய்னர் வண்டிகளுக்கு நடுவுல எனக்கே பெடல் தரையைத் தொட்டிருக்கு. வேறொரு பட்டறையில அவசரமா மாட்டின சிலிண்டர். கியரைக் குறைச்சு, ஹேண்ட் பிரேக் பிடிச்சுத்தான் நிறுத்தினேன்.

மணலியிலிருந்து: வேகமா பம்ப் பண்ணா சீக்கிரம் ஏர் வந்துடாதா?

வராது. ஆயில் நுரைச்சு, பெரிய குமிழ் பொடியாகி உள்ளயே தங்கிடும்.

காசிமேட்டிலிருந்து: அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊத்தலாமா? பாதி கேன் பிரேக் ஆயிலும் இருக்கு.

எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுகூட வேண்டாம். ரப்பர் வாஷர் ஊதிப்போய் மொத்த சிஸ்டமும் பாழாகும். டாட் 3 வகை பிரேக் ஆயில் ஊத்துங்க. திறந்து வெச்ச கேனை விட்டுடுங்க. கடலோரக் காத்துல இருக்கிற ஈரத்தை அது உறிஞ்சிக்கும். புது டாட் 3-க்குக் கொதிநிலை குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் இருக்கணும். ஈரம் ஏறினதுக்கான அளவு 140 டிகிரிதான். பிரேக் சூடாகுறப்ப அந்த ஈரம் ஆவியாகி, திரும்பவும் பெடல் பஞ்சாகும். வண்டி பெயின்ட்ல ஆயில் பட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க.

தண்டையார்பேட்டையிலிருந்து: ஏர் போயிடுச்சு அண்ணே. ஆனா நாலு கிலோமீட்டர் ஓடினா பிரேக் தானா பிடிக்குது.

புஷ் ராடுக்கு, அதான் பெடல்லேர்ந்து பிஸ்டனைத் தள்ளுற கம்பிக்கு, ப்ளே (சும்மா அசையுற இடைவெளி) இல்லை. பிஸ்டன் முழுசா பின்னாடி வரலைன்னா, ரிசர்வாயருக்கு ஆயில் திரும்புற சின்ன ஓட்டை மூடியே நிக்கும். சூட்டுல விரியுற ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாம பிரேக் இறுகும். பெடலைக் கையால அமுக்கினா ஆரம்பத்துல கொஞ்சம் சும்மா போகணும். ராடைச் சுருக்கிப் பாருங்க.

மாதவரத்திலிருந்து: டாடா 407-ல ஏர் எடுக்குற சக்கர வரிசை எப்படி? எஞ்சின் ஓடணுமா?

எஞ்சினை நிறுத்தி, பூஸ்டர்ல (மிதிக்கிற பலத்தைக் கூட்டுற பாகம்) மிச்சமிருக்கிற வேக்கம் தீர நாலஞ்சு மிதி மிதிங்க. இடது பின், வலது பின், இடது முன், வலது முன். நடுவுல ரிசர்வாயர் காலியாச்சுன்னா முதல்லேர்ந்துதான்.

முடிச்சதும் பெடலை ஒரு நிமிஷம் பலமா மிதிச்சே வைங்க. வெளிய ஒழுக்கில்லாம மெல்ல இறங்குதுன்னா உள்ள வாஷர் விடுது; அந்த வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீங்க.